வியாழன் முடியாது, புதனும் முடியாது

நார்வேயின் பெர்கனில் மழை பெய்யாத நாளைத்தான் செய்தியில் சொல்வார்கள். அன்று செய்தி ஏதுமில்லை. மலைச்சரிவுப் படிக்கட்டில், நாற்பதாவது படியில், எந்த்ரே குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்... மூன்றாவது முறையாக. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் வெளுத்துப்போய், நாலு படிக்கே மூச்சு வாங்கியது. அதை ஒத்துக்கொள்ள முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்கு மனசு வருமா?

"வழி விடறீங்களா... இல்ல, படிய வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?"

நிமிர்ந்தான். மஞ்சள் மழைக்கோட்டு. அதற்குள் இரண்டு சாம்பல் கண்கள்... மழை விட்டதும் கடல் இருக்குமே, அந்த நிறம். மூச்சு நின்றது. ஏற்கெனவே பாதி நின்றிருந்தது என்பது வேறு விஷயம்.

"இயற்கைய ரசிக்கிறேங்க."

"மேகம்தானே தெரியுது?"

"அதைத்தான்."

சிரித்தாள். பேர் மாரித். கைப்பிடியைப் பிடித்தபடி கால் மணி நேரம் பேசினாள். தனக்காகத்தான் நிற்கிறாள் என்று அந்தப் பைத்தியக்கார மனசு நம்பியது.

"வாரா வாரம் உச்சி வரைக்கும் ஏறுவேன்," என்று அளந்துவிட்டான்.

"நானும்தான்! வியாழக்கிழமை சேர்ந்து போலாமா?"

வியாழன்... டயாலிசிஸ். "வியாழன் முடியாதுங்க. புதன்?"

அவள் முகம் வாடியது. "புதன் எனக்கு முடியாது."

"ஓ..."

"ஓ..."

ஏனென்று இருவரும் கேட்கவில்லை. அந்த ஊரில் காரணம் கேட்பது, அடுத்தவர் வீட்டுக்குள் ஷூவோடு நுழைகிற மாதிரி.

மூன்று வாரம், டயாலிசிஸ் இல்லாத வேலைநாளெல்லாம் அதே படிக்குப் போனான். மழை வந்தது. அவள் வரவில்லை. அவளுக்கு யாரோ இருக்கிறான்... ஒரு புதன்கிழமைக்காரன்!

மே பதினேழு, ஊரே ஊர்வலம் போகும் தேசிய நாள், சனிக்கிழமையில் விழுந்தது. சனிக்கிழமை நோயாளிகளை மருத்துவமனை வெள்ளிக்கு மாற்றியது. எந்த்ரே நாற்காலியில் சாய்ந்தான். பக்கத்து நாற்காலிக்காரியின் குழாயில் நர்ஸ் ஹெர்தீஸ் காபி நிற மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இரும்பு உள்ள போயி ரத்தம் ஊற சில வாரம் ஆகும், மாரித். அதுவரைக்கும் மலைப்படி ஏறாதேன்னா கேக்கிறியா?"

திரும்பினான். அதே சாம்பல் கண்கள்.

"வாரா வாரம் உச்சியா?" என்றாள் மெதுவாக.

"நாற்பதாவது படி. நீங்க?"

"முப்பத்தொன்பதுலயே காலி. நீங்க வழிய மறிச்சதுக்கு மனசுக்குள்ள கும்பிட்டேன்."

"அப்போ அந்தப் புதன்..."

"திங்கள், புதன், வெள்ளி. இங்கதான்."

"எனக்குச் செவ்வாய், வியாழன், சனி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடுங்க. ரெண்டு நோயாளி சேர்ந்தா மருந்துக்கடைக்காரன்தான் பிழைப்பான்."

"பிழைச்சிட்டுப் போறான்! மூணு வாரமா, நீங்க வரவே முடியாத நாளாப் பாத்து மழையில நின்னிருக்கேன். இனிமே மறைக்க என்கிட்ட தெம்பில்ல, மாரித். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்ப. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவுதானே? பாக்கலாமா?"

தன் குழாயில் இறங்கும் காபி நிற மருந்தைப் பார்த்தாள். ஜன்னலில் மழை.

"ஞாயிறு வேண்டாம்," என்றாள்.

எந்த்ரே தன் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னிக்கு இங்க வந்துட்டீங்க. அப்போ நாளைக்கும் உங்களுக்கு லீவுதானே?" கண்கள் ததும்ப அவனைப் பார்த்தாள். "ஊர்வலம் சமதரையிலதான் போகும்... அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது, எந்த்ரே."