சொந்தப் பல்

எள்ளு மிட்டாயைக் கடித்ததும் நஷ்அத்தின் வாயில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது. நாக்கால் தடவினான். முன்பல்லில் மாட்டியிருந்த தற்காலிக உறை, கேப். மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நிஜ கேப் வரும்வரை ஒட்டுகிற பண்டம் எதையும் தொடக் கூடாதென்று பல் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய வந்த வீட்டில், அதுவும் மிட்டாய்க்குப் பேர்போன எகிப்தின் தந்தா ஊரில், பெண்ணின் அம்மா நீட்டும் மிட்டாயை மறுப்பது பெண்ணையே மறுப்பது மாதிரி.

"என்ன மாப்பிள்ளை, வாய் நின்னுடுச்சு?" என்றாள் பெண்ணின் அம்மா சுஹைர். "உங்க சிரிப்பப் பாத்துதான் இனாஸ் சரின்னா. சொத்தப் பல்லுக்காரனா இருந்தா வாசல்லயே டீயக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

"எல்லாம் சொந்தப் பல்லுதான் அத்தை" என்று முன்பு போனில் அளந்தவன் அவன்தான். இப்போது துப்பினால் சம்பந்தமே போச்சு. காது மடல்வரை வெட்கம் கொதிக்க, கேப்பையும் சேர்த்து விழுங்கினான்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத தங்க நிற நாற்காலி தொடைக்கடியில் கிறீச்சிட, ரோஜா சர்பத்தும் வறுத்த கடலையும் கலந்த வாசனை மூக்கில் கனக்க, சாயங்கால வெளிச்சம் திரைச்சீலையில் மங்கிக்கொண்டிருக்க, அவன் உதடு பிரியாமல் புன்னகைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நறுக். நிதானமாக, ருசித்து. நறுக், நறுக்.

வாயில் எதுவும் இல்லை. தாடையும் அசையவில்லை.

"இன்னுமா மெல்றீங்க?" இனாஸ் சிரித்தாள். "ஒட்டகம் தோத்துச்சு போங்க."

தலையாட்டி வைத்தான். சத்தம் தொப்புளுக்கு மேலே இருந்தது. பிறகு நெஞ்சில். ஏறிக்கொண்டிருந்தது. கை கழுவி வருவதாகச் சைகை காட்டி எழுந்தான்.

குளியலறை. தாழ்ப்பாள். கண்ணாடி.

வாயைத் திறந்தான். டாக்டர் ராவிவிட்ட மொட்டைப் பல், மஞ்சளாய், பென்சில் முனை மாதிரி. தனக்கே பார்க்கக் கூசியது. நாக்கை அழுத்தினான். உள்நாக்குக்குப் பின்னால் இருட்டு. இருட்டில் வெள்ளையாய் ஏதோ. ஒன்றல்ல. வரிசை. மேலே. கீழே. சொத்தை இல்லை. இடைவெளி இல்லை.

கதவு தட்டப்பட்டது. "மாப்பிள்ளை, ஓதுறதுக்கு எல்லாரும் காத்திருக்காங்க. உடம்புக்கு ஏதாச்சுமா?"

உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல அத்தை," என்றது அவன் குரல், தொண்டைக்குள்ளிருந்து. "இதோ, வந்துட்டோம்."

கண்ணாடியில், மூடிய வாய்க்குக் கீழே, கழுத்துத் தோல் பல் தடம் தெரிய அகலமாகச் சிரித்தது.