சுட்டி இறங்காத மண்

ஐறீன் அன்ரியின் மேல்மாடிக்குக் குடிவந்த அன்று தவமலரிடம் இருந்தவை இரண்டு பெட்டிகள், ஏழு வயது மகள், சுவிஸிலிருந்து கணவன் அனுப்பிய விசாவுக்கான பத்திரங்கள். பூனை இருக்கவில்லை. அது மூன்றாம் நாள் மதிலால் ஏறித் தானாகவே வந்தது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. அதற்கப்பால் ரயில் பாதை, பிறகு பாறைகள், பிறகு கடல். தொண்ணூற்றாறாம் ஆண்டு. வடக்கிலிருந்து, புருஷன் பக்கத்தில் இல்லாமல், ஒரு பிள்ளையோடு வந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கொழும்பில் அறை கிடைப்பது குதிரைக் கொம்புதான். பதினொரு கதவு தட்டினாள். "பொலிஸ் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்று பதினொன்றும் மூடிக்கொண்டன. பன்னிரண்டாவது ஐறீன் அன்ரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க விதவை, வாய் கொஞ்சம் காரம், மனசு பஞ்சு. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் நிபந்தனை. விசா வரும்வரை பிள்ளைக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை. தவமலர் கடவுளிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு வந்த பூனைக்கு மகள் கஜனி சுட்டி என்று பெயர் வைத்தாள். குளியலறை வாசலில் ஒரு பழைய பிளாஸ்ரிக் பேசினை வைத்து, பக்கத்து வளவில் ஃபிளாற் கட்டுவதற்குக் குவித்திருந்த மண்ணில் கொஞ்சம் போட்டாள் தவமலர். சுட்டி மரியாதை தெரிந்த பிறவி. போகும், இருக்கும், மூடும், காலை உதறிக்கொண்டு வரும். இரண்டு மாதத்தில் ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை.

பிறகு ஃபிளாற் கட்டி முடிந்து மண் குவியலும் போயிற்று. கடற்கரை முழுக்க மண் கிடக்க எனக்கென்ன கவலை என்று தவமலர் ஒரு விடியற்காலை பையோடு ரயில் பாதையைத் தாண்டினாள். பாறைகளுக்கு நடுவே ஒரு மூலை. அங்கே மண் சாம்பல் நிறத்தில், அரித்த மாவைப் போல மெல்லிசாகக் கிடந்தது. இடையிடையே வெள்ளைத் துண்டுகள். உடைந்த சிப்பி என்று நினைத்தாள். பை நிறைய அள்ளினாள்.

அன்று சுட்டி பேசின் விளிம்பில் ஒரு காலை வைத்தது. உடனே எடுத்தது. முதுகு மயிர் சிலிர்க்க, கண்ணை மண்ணிலிருந்து எடுக்காமல், அடி அடியாகப் பின்னால் போயிற்று.

குளியலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் ஒடுங்கிய நடையோடையின் நடுவில் குந்தி மூத்திரம் பெய்தது.

முதல் நாள் தவமலர் சிரித்துக்கொண்டு துடைத்தாள். நாலாம் நாள் சிரிப்பு வரவில்லை. ஓடையில் துடைத்தால் கூடத்தில் பெய்தது. கூடத்தில் கழுவினால் படுக்கையறை வாசலில். பேசினை இடம் மாற்றினாள், தேசிக்காய்ப் பாதி வைத்தாள், வினாகிரி தெளித்தாள், சுட்டியின் கழுத்தைப் பிடித்து மண்ணுக்குள் வைத்தும் பார்த்தாள். அது கத்திய கத்தலில் கீழே ஐறீன் அன்ரியின் செபமாலையே நின்றுபோயிற்று. தவமலரின் கையில் நாலு கோடு இரத்தம். தெஹிவளை மிருக வைத்தியரோ சோதித்துவிட்டு, "பூனையில பிழை இல்ல. மண்ணை மாத்திப் பாருங்கோ" என்றார். மண்ணென்ன, எல்லா மண்ணும் மண்தானே என்று அவள் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு மணம் பிடித்துவிட்டது. பூனை மூத்திரத்தின் நெடியென்றால் தவமலருக்குத் தெரியும். இது அதற்கு அடியில் இருந்தது. கருகிய நெய்யும் சந்தனமும் ஈரச் சாம்பலும் கலந்த மணம்.

பேசின் மண்ணில் காலையில் ஒரு குழி இருக்கும். யாரோ குந்தி எழும்பியதைப் போல. அங்கிருந்து ஓடை நெடுக மண் சிந்திக் கிடக்கும்.

பூனை காலில் இழுத்து வருகிறது என்று கூட்டி அள்ளி, வீண்போகாமல், திரும்பப் பேசினிலேயே போட்டாள்.

ஆனால் சுட்டிதான் அந்தப் பேசினுக்குள் இறங்குவதே இல்லையே!

இந்த எண்ணம் வந்த அன்று கஜனிக்குக் காய்ச்சல் தொடங்கியது. தவமலர் கூடத்தை டெற்றோல் ஊற்றித் தேய்த்த நாளெல்லாம் காய்ச்சல் ஏறியது. சுட்டி மறுபடி பெய்ததும் இறங்கியது. பாவி மனுஷி, அவள் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டாள். பூனை அசுத்தம்தான் பிள்ளையைத் தின்கிறது என்று இன்னும் பலமாகத் தேய்த்தாள். மண் சிந்தும் தடம் கூடத்தைத் தாண்டியது. ஒரு காலை, படுக்கையறை வாசலில் சுட்டி பெய்த ஈரத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நின்றிருந்தது.

திங்கட்கிழமை ஐறீன் அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார். "என்ன தவம் இது? என்ட சீலிங் எல்லாம் மஞ்சள் பிடிச்சிட்டு. பிள்ளை காய்ச்சலில கிடக்கு, நீர் பூனையை மடியில கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிறீர்."

"அன்ரி, பிள்ளைக்கு அது உயிர். கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்தாச்சு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் அந்தோனியார் கோயிலுக்குப் போறன். திரும்பி வரக்குள்ள ஒண்டில் பூனை இல்ல, இல்லாட்டி நீங்க இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, என்ன செய்ய?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சொன்னால் சொன்னதுதான்.

தவமலருக்கு அழவும் நேரமில்லை. பூனையா கூரையா என்றால் கூரைதான். செவ்வாய் காலை ஒழுங்கை முனையில் திறீவீலர் ஓட்டும் பௌஸி, சுட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டினான். "கவலப்படாதீங்க அக்கா, ஹெந்தளையில என்ட மச்சான் மீன் வாடி வெச்சிருக்கான். இது அங்க ராசா மாதிரி இருக்கும்."

சாக்கு படியிறங்கும்போது கஜனி காய்ச்சல் படுக்கையிலிருந்து எழும்பி ஓடிவந்தாள். "அம்மா, சுட்டியை அனுப்பாதேங்கோ! அது போனா அவர் வந்திடுவார்!"

"ஆர் பிள்ளை?"

கஜனி பேசினைப் பார்த்தாள். காய்ச்சல் பிதற்றல் என்று தவமலர் அவளைத் தூக்கிக் கிடத்தினாள்.

பிறகு தண்ணீர்த் தாங்கி காலியாகும்வரை வீடு முழுக்கக் கழுவினாள். ஒரு மூலை விடாமல் தேய்த்து, பழைய சேலையால் ஒற்றி ஒற்றி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தினாள். இத்தனை நாளில் அந்தத் தரை காய்ந்து கிடந்தது அன்றுதான். பத்து மணிக்கு வழக்கமான மின்வெட்டு. பிள்ளை அயர்ந்து தூங்கியது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பனடோல் முடிந்துவிட்டதே என்று கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

திரும்பி வரும்போது ஒழுங்கை முடிவில் ஒரு வான் நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஆண்கள் நாலு பேர், துணி சுற்றிய சட்டியோடு ரயில் பாதையைத் தாண்டினார்கள். பெண்கள் வானுக்குள் இருந்து அழுதார்கள்.

அந்தப் பாறை மூலைக்குத்தான் அவர்கள் போனார்கள்.

தவமலர் நின்றுவிட்டாள். அவளுடைய ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தகப்பனுக்கு, தமையனுக்கு, எவருக்கும் வாசல் படலையோடு நின்று அழுததுதான். எலும்பு பொறுக்குவதும் சாம்பல் கரைப்பதும் ஆண்களின் வேலை. எரிந்த மனிதன் எப்படியிருப்பான் என்று அவள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

சட்டி கவிழ்ந்தது. அரித்த மாவைப் போல சாம்பல். இடையிடையே வெள்ளைத் துண்டுகள்.

ஐயோ, அம்மாளாச்சி!

சாம்பல் கரைக்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற அழகுமுத்து பாதையோரம் நின்றான். அவள் அவனிடம் போனாள். "ஐயா... எப்பவும் அதிலதானோ கரைக்கிறது?"

"ஆமாங்கம்மா. அலை இழுத்துக்கும். எல்லா நாளும் இழுக்காது. போன மாசம் ஒரு பெரியவரக் கொண்டாந்தாங்க. ஊரடங்கு போடப் போறாங்கன்னு ஒரே அவசரம். பால் ஊத்தி ஆத்தக்கூட இல்ல. சட்டியத் தொட முடியல, அப்புடிச் சுட்டுச்சு. கரையிலேயே கொட்டிட்டு ஓடிட்டாங்க, பாவம். விடிஞ்சு வந்து பாத்தா ஒரு பிடியக்கூடக் காணோம்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏம்மா, என்னா?"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுஷரை, யாரோ பெற்ற, யாரோ கும்பிட்ட ஒரு மனுஷரை, பூனைக் கக்கூசில் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு மாதமாக. கூட்டிக் கூட்டி அள்ளித் திரும்பப் போட்டிருக்கிறாள். மன்னியுங்கோ, தெரியாமல் செய்திட்டன், இப்பவே கொண்டுபோய்க் கடலில் விடுறன் ஐயா, என்ட பிள்ளையை விடுங்கோ என்று வாய் தானாகச் சொல்ல, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

குளியலறை வாசலில் பேசின் காலியாக இருந்தது.

ஒரு மணி மண் இல்லை. வழித்து எடுத்ததைப் போல.

தடம் இம்முறை சிந்தல் இல்லை. ஓடை நெடுக அகலமாகப் போயிருந்தது. சுட்டி முதல் நாள் பெய்த இடத்தைக் கடந்து, கூடத்தைக் கடந்து, விரற்கடை முன்னால் நின்ற அந்த வாசலையும் கடந்து. இத்தனை நாளும் அந்த மண் ஈரத்தைக் கண்டு நின்றிருக்கிறது. அந்த வாயில்லாத சீவன் ஒவ்வொரு நாளும் ஈரம் ஊற்றி ஊற்றி மறித்திருக்கிறது. அவள் ஒவ்வொரு நாளும் துடைத்து வழி விட்டிருக்கிறாள்.

கஜனி கட்டிலில் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெத்தை பள்ளமாகப் பதிந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

"அம்மா," பிள்ளை இரகசியமாகச் சொன்னது, "தண்ணி தாங்கோ. இவருக்கு நல்லாச் சுடுதாம்."

தவமலர் மூலையில் இருந்த செம்பை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஊற்றினாள்.

சுர்ர்ரென்று ஆவி எழும்பியது.

"இன்னும் வேணுமாம்."

கூசாவில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினாள். போத்தலில் கொதித்தாறிய தண்ணீரை ஊற்றினாள். பிள்ளைக்கு வாங்கிய பாலை ஊற்றினாள். ஆவி அடங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திருகினாள். காற்று ஒரு தரம் சீறிவிட்டு நின்றது. தாங்கியை அவளே காலையில் தரையில் ஊற்றி முடித்திருந்தாள். மின்சாரம் இல்லை, மோட்டர் இல்லை, கீழே ஐறீன் அன்ரியும் இல்லை.

"ஐறீன் அன்ரி!" என்று கத்தினாள். "ஆராவது வாங்கோ!"

அறைக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் வந்தது. இப்போது அழுதது.

"கெதியா வாங்கோ அம்மா. எனக்கும் சுடுது."