இரண்டு தட்டு

காலை பத்து மணிக்கு, மழையோடு மழையாக, பதினோராம் எண் ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குள் வந்து சர்வீஸ் குழியின் மேல் நின்றது. அதை அங்கே வரச் சொன்னவள் அவள்தான். வராமலே இருந்தால் நல்லது என்று ஏங்கியவளும் அவள்தான்.

எந்த வண்டி எந்த நாளில் சர்வீஸுக்கு நிற்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. டிரைவர்கள் அவளைப் பட்டியல் அக்கா என்பார்கள். இருபத்திரண்டு ஆம்புலன்ஸ்கள், ஒன்றுகூட ராத்திரி பகல் பார்ப்பதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை குழிக்கு வந்தாக வேண்டும். ஓடுகிற ஓட்டத்துக்கு அது ஒரு மாதம்தான். "சர்வீஸைத் தள்ளிப்போட்டா, அப்புறம் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்" என்று டிரைவர்களை மிரட்டிக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவள் பதினோராம் எண்ணை மட்டும் மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தாள். போன சர்வீஸுக்குப் பிறகு பதினான்காயிரம் ஓடிவிட்டது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று டிரைவர் மூன்று நாளாகப் புலம்பினார். உள்ளே நோயாளியோடு அப்படி ஓட விட முடியாது.

போன சர்வீஸ் நடந்தது ஒன்றரை மாதத்துக்கு முன். அன்றைக்குத்தான் இதே குழியில், இதே வண்டிக்கு அடியில், மூத்த மெக்கானிக் செத்துப்போனார்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நகர்த்துமுன் டிரைவர் "எடுக்கலாமா?" என்று கத்துவார். கம்ப்ரஸர் இரைச்சலில் குழிக்குள்ளிருந்து பதில் கேட்காது என்பதால், கீழே இருப்பவர் ஸ்பேனரால் வண்டியின் அடியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால், வேலை நடக்கிறது, அசைக்காதே. இரண்டு தட்டு என்றால், படிப்பக்கம் ஒதுங்கிவிட்டேன், எடு. அன்றைக்கு மூத்த மெக்கானிக் ஒதுங்கவில்லை. வண்டி நகர்ந்தபோது அவர் கழுத்து அச்சுக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் இருந்தது. வண்டியை எடுத்த டிரைவர் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார், இரண்டு தட்டு கேட்டது என்று. யாரும் நம்பவில்லை. அன்று காலை ஒரே குழிக்கு மூன்று வண்டிகளைப் போட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியது அவள். அவளும் நம்பவில்லை.

செத்தவர் இடத்தில் இப்போது வேலை செய்கிறவன் அவள் தம்பி. அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன், கல்யாணமாகி ஐந்து மாதம்.

"முகத்தை ஏன்க்கா இப்படி வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே அவன் கைவிளக்கோடு குழிக்குள் இறங்கினான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தார் மொட்டை. தலையில் ஒரு முடி இல்லாத டிரைவர், பதினோராம் எண்ணை இப்போது ஓட்டுகிறவர். சிரித்தாரே தவிர, குழிப்பக்கம் திரும்பவில்லை.

"தம்பிக்கு மூணு மணி நேரம் குடுத்திருக்கேன். யாரும் அவசரப்படுத்தக் கூடாது," என்றாள்.

குழியிலிருந்து தீய்ந்த ஆயில் நாற்றம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை, ஈர இரும்பைப் போல. மழையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஷெட்டின் தகரக் கூரையில் மழை கொட்டியது. தம்பியின் ஸ்பேனர் சத்தம் வந்துகொண்டிருந்தவரை அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

முன் பிரேக்குகள் முடிந்தன. பின் பிரேக்குக்கு வண்டியை ஒரு முழம் முன்னே எடுக்க வேண்டும். மொட்டை ஏறி உட்கார்ந்தார்.

"எடுக்கலாமா?"

மழை.

கம்ப்ரஸர் நின்றிருந்தது. அதனால் சத்தம் தெளிவாகவே கேட்டது.

டங். டங்.

மொட்டை கைப்பிரேக்கை விட்டார். இஞ்சின் உறுமியது. அவள் குழியின் படிகளைப் பார்த்தாள். படிகளில் யாரும் இல்லை. பின் அச்சுக்கு நேர் கீழே, குழியின் சுவரில், தம்பியின் கைவிளக்கு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"

கையிலிருந்த பட்டியல் நோட்டை முன் கண்ணாடியில் வீசியெறிந்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று அவள் பிறகும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பி வெளியே வந்தான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான். காது மடலில் கிரீஸ் அப்பியிருந்தது. அச்சு உரசிய தடம்.

"ஏன்டா ரெண்டு தட்டு தட்டினே?" மொட்டையின் குரல் உடைந்தது.

"நான் ஒண்ணுதான்ணே தட்டினேன்."

"ரெண்டு கேட்டுச்சுடா. அக்காவைக் கேளு."

அவள் தலையசைத்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அந்தப் பழைய டிரைவரின் சத்தியம் நினைவுக்கு வந்தது.

தம்பி நெருங்கி வந்தான். சொல்ல வேண்டியதை அவள் காதோடு சொன்னான்.

"விடாம ஒண்ணு ஒண்ணாத் தட்டினேன்க்கா. பலங்கொண்ட மட்டும் தட்டினேன். ஸ்பேனர் இரும்புல படுது, கை வலிக்குது. சத்தமே வரல."

அன்று மதியமே அவள் குழியைப் பலகை போட்டு மூடச் சொன்னாள். வெளியே ஒரு பட்டறையில் வண்டியை மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட் இருந்தது. மறுநாள் காலைக்கு இடம் பிடித்தாள். தம்பியை அனுப்ப அவளுக்கு மனசே இல்லை.

"வேற ஆளைப் போடறேன். நீ வீட்டுல இரு."

"வேலை பாதியில நிக்குதுக்கா. எந்த நட்டை எங்க கழட்டி வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பிரேக்கு, விளையாட்டில்ல. அங்க குழியே கிடையாதே. நீயும் வந்து நில்லேன்."

நின்றாள். மறுநாள் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. பட்டறைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. பதினோராம் எண் லிஃப்டில் ஆள் உயரத்துக்கு மேலே உயர்ந்து நின்றது. கீழே வெறும் சிமென்ட் தரை, தம்பி, அவன் நிழல், அவ்வளவுதான். லிஃப்டின் பொத்தானை வேறு யாரும் தொடக் கூடாது என்று அவளே அதன் அருகில் நின்றுகொண்டாள். பட்டறைக்காரர் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட முனகினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லாம் அந்தக் குழியோடு போயிற்று என்று நினைத்தாள்.

அப்போது தட்டியது.

டங். டங்.

யாரும் "எடுக்கலாமா?" என்று கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது.

தம்பி வண்டிக்கு நேர் கீழே நின்றான். ஸ்பேனர் தரையில் கிடந்தது. அவன் இரண்டு கைகளையும் மெதுவாக விரித்து அவளுக்குக் காட்டினான். வெறும் கைகள். அவன் உதடு அசைந்தது. அக்கா என்கிறான் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை.

ஓடி வரச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். அவளுக்கும் குரல் வரவில்லை.

டங். டங்.

இந்த முறை பொறுமை இழந்த தட்டு. ஒரு காலத்தில் அவள் விரட்டிய மாதிரியே, சீக்கிரம், சீக்கிரம் என்று.

பதினோரு வருஷமாக அவளை நகர்த்தி வந்தது அந்தச் சத்தம்தான். இரண்டு தட்டு கேட்டால் வேலை முடிந்தது, அடுத்த வண்டி. யோசிக்க அதில் எதுவும் இருந்ததில்லை. தம்பியின் கண்கள் தன் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னும் கீழே எதையோ பார்க்கின்றன என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. அவன் பார்வை போன இடத்தில் அவளும் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கட்டைவிரல், வண்டியை இறக்கும் பொத்தானின் மேல் இருந்தது.

அவள் அதை எடுக்கப் பார்த்தாள்.