மைனஸ் ஒன்றாம் தளம்

அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள். இடது பக்க லிஃப்ட் ஒற்றைப்படைத் தளங்களில் மட்டும் நிற்கும். வலது பக்க லிஃப்ட் இரட்டைப்படைத் தளங்களில் மட்டும் நிற்கும். தரைத்தளத்தில் இரண்டுமே நிற்கும். இந்தச் சின்ன விஷயம் அங்கே குடியிருந்த பெரியவர்களின் மண்டையில் ஏறவே இல்லை. ஏழாவது மாடிக்காரர் எட்டில் இறங்கி, யார் வீட்டு மணியையோ அடித்துவிட்டு அசடு வழிவார்.

ஐந்தாவது மாடியில் இருந்த சிட்டுதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்குப் பதினோரு வயது. அண்ணனின் பழைய டேப்லெட்டில் தானே ஒரு புரோகிராம் எழுதினாள். போக வேண்டிய தளத்தின் எண்ணைத் தட்டினால், அது அந்த எண்ணை இரண்டால் வகுத்துப் பார்க்கும். மீதி ஒன்று வந்தால் ஒற்றைப்படை, அம்புக்குறி இடது பக்கம் காட்டும். இல்லாவிட்டால் வலது பக்கம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எதுவும் பிசகவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாமா அந்த டேப்லெட்டை இரண்டு லிஃப்டுக்கும் நடுவே சுவரில் மாட்டினார். போகிறவர் வருகிறவர் எல்லாம் புகழ்ந்தார்கள். சிட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. யார் யார் எண்ணைத் தட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே அவள் கீழே வந்து நின்றாள்.

சலவை அக்கா வந்தார். வேலைக்குப் புதிது. வீட்டுக்காரர்கள் தரைத்தளத்தில் போட்டுவிட்டுப் போகும் துணிகளை மூட்டையாகக் கட்டி, பூமிக்கு அடியில் மைனஸ் ஒன்றாம் தளத்தில் இருக்கும் சலவை அறைக்குக் கொண்டுபோவார். அதற்கும் கீழே, மைனஸ் இரண்டில், கார்கள் நிற்கும்.

அக்கா திரையில் மைனஸ் ஒன்று என்று தட்டினார். அம்பு வலது பக்கம் காட்டியது.

சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, அந்த லிஃப்ட் மைனஸ் ஒண்ணுல நிக்காதே!”

“தெரியும் பாப்பா. மைனஸ் ரெண்டுல எறங்கி, ஒரு மாடி படி ஏறிடுவேன்.”

“இந்த மூட்டையோடவா? எத்தனை நாளா?”

“ஒன்பது நாளா. வந்த நாள்லேருந்து.”

“இடது பக்க லிஃப்ட்ல போகலாமேக்கா!”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “அது வீட்டுக்காரங்களுக்கு. வேலை செய்யறவங்க அதுல ஏறக் கூடாதுபோல. அதான் இப்படிக் காட்டுது. நானும் தினமும் தட்டிப் பாக்கறேன், இன்னிக்காவது அந்தப் பக்கம் காட்டுமான்னு.”

“இல்லக்கா, நீங்க வாங்க, இதுல போகலாம்!”

“வேணாம் பாப்பா. மெஷினே அப்படிச் சொல்லுது. யாராவது ஏதாவது சொல்லிடப் போறாங்க.” அக்கா வலது பக்க லிஃப்டில் போய்விட்டார்.

சிட்டுவின் முகம் சுண்டிப்போயிற்று. அப்படி ஒரு விதியை அவள் எழுதவே இல்லை. ஆனாலும் ஒன்பது நாளாக அக்கா அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்.

நேரே செயலாளர் மாமாவிடம் ஓடினாள்.

“மாமா, டேப்லெட்டக் கழட்டித் தாங்க. அதுல தப்பு இருக்கு.”

“தப்பா? ஒருத்தர்கூடக் குறை சொல்லலையேம்மா. கார் எடுக்கப் போறவங்களுக்குக்கூடச் சரியாத்தானே காட்டுது?”

“மைனஸ் ரெண்டுக்குச் சரி. மைனஸ் ஒண்ணுக்குத் தப்பு.”

“அங்க யாரு போறாங்க?”

“சலவை அக்கா போறாங்களே, மாமா.”

மாமா எழுந்து உள்ளே போனார். ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து வந்தார்.

வீட்டில் அண்ணன் கிண்டலுக்குத் தயாராக இருந்தான். “ஊரே மெச்சின புரோகிராம்ல ஓட்டையா?”

“ஓட்டைதான். சும்மா இரு” என்றாள் சிட்டு.

மீதி என்ன வருகிறது என்பதையும் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். ஐந்துக்கு மீதி ஒன்று. ஆறுக்குப் பூஜ்ஜியம். மைனஸ் இரண்டுக்கும் பூஜ்ஜியம். மைனஸ் ஒன்றுக்கு? மைனஸ் ஒன்று!

‘மீதி ஒன்றா?’ என்றுதான் அவள் கேட்க வைத்திருந்தாள். வந்தது ஒன்று இல்லை, மைனஸ் ஒன்று. அதனால் கம்ப்யூட்டர் அதை இரட்டைப்படைக் கூட்டத்தில் தள்ளிவிட்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. மாடியில் இருப்பவர்களை மட்டும் மனதில் வைத்துக் கேள்வி எழுதியவள் அவள்தான்.

கேள்வியை மாற்றினாள். ‘மீதி பூஜ்ஜியமா?’ ஆமாம் என்றால் இரட்டைப்படை. வேறு எது வந்தாலும் ஒற்றைப்படை. இந்த முறை சோதனையை, தண்ணீர் மோட்டார் இருக்கும் மைனஸ் மூன்றிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போலத் தட்டினார். அம்பு இடது பக்கம் காட்டியது. நம்பாமல் இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் இடது.

“சட்டத்த மாத்திட்டாங்களா பாப்பா?”

“அப்படி ஒரு சட்டமே இல்லக்கா. நீங்க எப்பவுமே இதுல போகலாம். இத எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிடுங்கக்கா.”

அக்கா திரையைப் பார்த்தார். சிட்டுவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“ஒன்பது நாளா யாரைத் திட்டறதுன்னு தெரியாம இருந்தேன். கடைசில பாத்தா, இத்தனூண்டு ஆளு!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். இடது பக்க லிஃப்டின் கதவு திறந்தது. அக்கா மூட்டையோடு உள்ளே போனார். அன்று அவர் ஒரு படிகூட ஏறவில்லை.