அவள் சொன்ன ‘ம்’

சாப்பாட்டு மேஜையில் நாலாவது தட்டு இருந்தது.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவள், அவள் வீட்டுக்காரர், ஏழு வயது மகள் குட்டி. விருந்தாளி என்று ஒருவர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்தவர்களை வாங்க என்று கூப்பிடுகிற முகமா அந்த மனுஷனுக்கு? ஆனாலும் தட்டு இருந்தது. கழுவித் துடைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, குட்டிக்குப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால்.

“இது யாருக்குடி?”

“அவங்களுக்கு. நீதானேம்மா வைக்கச் சொன்னே?”

“நான் எப்போ சொன்னேன்?”

“துணி மிஷின் ஓடிட்டு இருந்தப்போ. அவங்க வந்து கேட்டாங்க. நீ ‘ம்’னு சொன்னே.”

வீட்டுக்காரர் வாய் நிறைய சோற்றோடு சிரித்தார். “உங்கம்மா எதுக்குத்தான் ‘ம்’ சொல்லலை? உன் தலையை வெட்டட்டுமான்னு கேட்டாக்கூட ‘ம்’தான்.”

அவளும் சிரித்து வைத்தாள். குழந்தை விளையாடுகிறது என்று தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் காதில் ஒரு குறையும் கிடையாது. பேப்பரே இருக்கிறது. போன மாதம் அவளைச் சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ‘பீப்’ கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். தன் மூச்சே தனக்கு இரைச்சலாக இருந்த அந்த அறையில் எல்லா ‘பீப்’பும் கேட்டது. கேட்காமல் என்ன? “மேடம், எனக்கு இந்த மாதிரி இடத்துல எல்லாம் கேக்கும். பஸ்ஸுல, ஃபேன் ஓடுற எடத்துல, நாலு பேர் பேசுறப்போதான் புரியறதில்லை. சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கலை” என்று அவள் விளக்கினாள். டெஸ்ட் எடுத்த பெண் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ரிசல்ட் நார்மல்மா. கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க.”

கவனிச்சுக் கேக்கணுமாம்! முப்பது வருஷமாக அவள் வேறென்ன செய்கிறாள்? பேசுகிறவர் உதட்டைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, பாதியை ஊகித்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மண்டை விண்விண் என்று தெறிக்கும். இரைச்சலுக்கு நடுவில் பேச்சு அவளுக்குக் குழைந்த சோறு மாதிரிதான் வரும், எது எந்தப் பருக்கை என்று பிரிக்க முடியாது. வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். “இனிமே காது கேக்கலைன்னு சாக்கு சொன்னே, நடக்கிறதே வேற.”

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஆறு பெரிய டிரம்கள் ஓயாமல் சுற்றும். அந்த இரைச்சலில் சூப்பர்வைசர் ஏதாவது சொல்வார். ‘கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க’ என்றால் முதல் தடவை சொல்வார்கள். இரண்டாவது தடவை கத்துவார்கள். மூன்றாவது தடவை முகம் மாறிவிடும். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அவள் ‘ம்’ பழகினாள். எவ்வளவு வசதியான சொல்! நல்லதுக்கும் ‘ம்’, கெட்டதுக்கும் ‘ம்’. வாயைக்கூடத் திறக்க வேண்டாம். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பேர் ‘பூம்பூம் மாடு’. அவளுக்கு முன்னாலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

தட்டு விஷயம் நடந்த மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் துணி மிஷின் பிழிகிற கட்டத்துக்கு வந்து தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பக்கெட்டில் குட்டியின் யூனிஃபார்மைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ ஏதோ கேட்டார்கள். முன்பாதி எல்லாம் இரைச்சலில் கரைந்துபோய், கடைசியில் “…ட்டுமா?” என்று மட்டும் காதில் விழுந்தது. குட்டிதான், டிவி போடட்டுமா என்கிறாள். “ம்” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

யாரும் இல்லை. ஈரத் தரையில் அவள் காலடி மட்டும்தான் இருந்தது. ஒரு வாடை மட்டும் நின்றது. அவளுக்குத் தெரிந்த வாடை. மூட்டையாகக் கட்டி வரும் துவைக்காத ஆஸ்பத்திரிப் போர்வையை முதன்முதலில் பிரிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அது. என் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று குட்டி கட்டிலின் ஓரத்தில், கீழே விழுந்துவிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

“நடுவுல படுடா கண்ணு.”

“நீதானேம்மா ஓரமா படுக்கச் சொன்னே. அவங்களுக்கு இடம் வேணுமாம்.”

அவள் அந்தக் காலி இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரிப்பு சில்லென்று ஈரமாக இருந்தது. தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். இத்தனைக்கும் அந்த வீட்டில் செவிடு என்று பேர் வாங்கினவள் அவள். “காது நல்லா இருக்குன்னு பேப்பர் வந்தாச்சு. அடுத்து மண்டைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருவமா?” என்று கேட்டுவிட்டு அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வயிறு எரிந்தது அவளுக்கு. பயத்தைவிட அந்த எரிச்சல்தான் அப்போது பெரிதாக இருந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குட்டியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். சத்தமில்லாத இடத்தில் குழந்தையின் குரல் மணி மாதிரி கேட்டது.

“அவங்க என்னென்னடா கேட்டாங்க?”

“முதல்ல, உள்ள வரட்டுமான்னு கேட்டாங்க. அப்புறம் உக்காரட்டுமா. அப்புறம் சாப்பிடட்டுமா. அப்புறம் பாப்பா பக்கத்துல படுத்துக்கட்டுமா.”

“எல்லாத்துக்கும் நான்…”

“ம்” என்றாள் குட்டி.

“உனக்குப் பயமா இல்லையாடா?”

“இல்லையே. நான் பேசினா அவங்களுக்கு எப்பவும் கேக்கும். மிஷின் ஓடினாலும் கேக்கும். உன்னை மாதிரி இல்லை.” குழந்தை யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கியாம். என்னன்னு எங்கிட்ட சொல்ல மாட்டாங்களாம். உன்கிட்டதான் கேக்கணுமாம்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் செத்துப்போனது. துணி மிஷினின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். மிக்ஸி இல்லை, டிவி இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை. சொட்டுகிற குழாய் வாயில் துணியைச் சுற்றிக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பஸ் ஓட்டும் டியூட்டிக்குப் போனதும் ஃப்ரிட்ஜையும் அணைத்தாள். வெளிக்கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். “வேர்க்குதும்மா, ஃபேனாவது போடேன்” என்று சிணுங்கிய குட்டிக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரம் நடக்கிற சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் யாரோ இருமினது கேட்டது. இப்படியே காலம் பூரா உட்கார்ந்திருந்தாலும் சரி, என் பிள்ளை எனக்கு இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிச்சம் மங்கியது.

பின்பக்கத் தகரக் கூரையில் ஒரு சொட்டு. டக். அப்புறம் ஒன்று. அப்புறம் பிடி பிடியாகக் கல்லை வாரி எறிகிற மாதிரி. அவள் எழுந்து நின்றாள். எதை அணைப்பது? மழைக்கு ஸ்விட்ச் ஏது? தகரம் அலறியது. கடிகாரம் போனது. இருமல் போனது. தன் மூச்சுச் சத்தமும் போனது.

குட்டியை இழுத்து மார்போடு அணைத்து, அவள் கையைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டு சுவர் மூலையில் உட்கார்ந்தாள். குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவை இல்லை. அம்மாவின் தோளுக்கு மேலே. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த வாடை வந்தது.

முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. அங்கிருந்துதான் கேட்டது.

“…ட்டுமா?”

“கேக்கலை” என்றாள். “எனக்குக் கேக்கலை.”

மழை. தகரம். காதுமடலில் ஈரக் காற்று.

“…ட்டுமா?” கொஞ்சம் சத்தமாக.

“கேக்கலை! எனக்கு ஒண்ணும் கேக்கலை!”

இது இரண்டாவது தடவை. அடுத்தது மூன்றாவது. முகம் மாறும். திரும்பாதே. பார்க்காதே. பதிலே சொல்லாதே. அவள் உதட்டை உதட்டோடு சேர்த்துக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. வாயைத் திறந்தால்தானே? திறக்க மாட்டேன். செத்தாலும் திறக்க மாட்டேன்.

“…ட்டுமா?”

முப்பது வருஷப் பழக்கம். மூடின வாய்க்குள்ளே. மூக்கு வழியே.

“ம்.”

மழை வெட்டினாற்போல் நின்றது.

கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. அவள் கை இறுக்கமாக மூடியிருந்தது. அதற்குள் எதுவும் இல்லை, உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது. மேல் தாழ்ப்பாள் போட்டபடி. கீழ்த் தாழ்ப்பாள் போட்டபடி. கட்டிலுக்கடியில் பார்த்தாள். அலமாரியில் பார்த்தாள். குட்டியின் செருப்பு வாசலோரம் ஜோடியாகக் கிடந்தது.

போலீஸ் வந்தது. அக்கம்பக்கம் வந்தது. மூன்று நாள் எல்லாரும் கேட்டார்கள். கடைசியா எப்போ பார்த்தீங்க? யார் மேலயாவது சந்தேகமா? அமைதியான வீட்டில் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குச் சுத்தமாகக் கேட்டது. யாரையாவது உள்ளே விட்டீங்களாம்மா என்று ஒருவர் கேட்டபோது மட்டும் அவள் ‘ம்’ என்றாள். வீட்டுக்காரர் அவளை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கின கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலாம் நாள் அவள் துணி மிஷினின் வயரை எடுத்துச் சொருகினாள். துணி எதுவும் போடவில்லை. வெறும் டிரம்மைப் பிழிகிற கட்டத்தில் ஓடவிட்டாள். தடதடவென்று அது ஆடத் தொடங்கியதும் மூடியில் காதை வைத்தாள்.

“அம்மா.”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் முழுசாக, பருக்கை பருக்கையாக அவளுக்குக் கேட்டது.

“அம்மா, இருட்டா இருக்கும்மா. நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?”

“ம்!” என்றாள். “ம்! வாடி! வந்துடுடி என் தங்கமே!”

“கேக்கலைம்மா. இன்னொரு தடவை சொல்லு.”

இரைச்சலில்தானே அந்தக் குரல் வந்தது! அவள் ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டாள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். குழாயைக் கட்டியிருந்த துணியைப் பிய்த்து எறிந்து முழுசாகத் திறந்தாள், டிவியை உச்சத்தில் வைத்தாள். அறை வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்று வாயை வாயைத் திறந்து எதையோ கத்தினார், அவளுக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பேப்பர் படபடத்துக்கொண்டிருந்தது.

“வாடி! வீட்டுக்கு வா! அம்மா கூப்பிடறேன், வா!”

“கேக்கலைம்மா!” குட்டி இப்போது அழுதாள். “அம்மா, சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கவே இல்லை.”

அவள் மிஷினைக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழிய மூன்றாவது தடவையும் கத்தினாள்.

கொஞ்ச நேரம் டிரம் மட்டும் சுற்றியது. பிறகு அதற்குள்ளிருந்து, ஒன்றும் கேட்காதபோது அம்மா எப்படிச் சொல்வாளோ அப்படியே, பணிவாக, வாயைத் திறக்காமல், குட்டி சொன்னாள்.

“ம்.”