எமில் ஹாகன் பெயரில் ஒரு சீட்டு

காகங்கள் வரவில்லை.

துப்பாக்கி வெடித்தால் போதும், அந்த மலைப்பக்கத்துக் காகங்களுக்கு அது சாப்பாட்டு மணி. ஆள் கத்தியை உருவுவதற்குள் சுற்றி உட்கார்ந்துகொண்டு குடலுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிடும். வெண்டல் ஹாகன் அந்த ஆண் எல்க் மானைச் சுட்டு, தோலுரித்து, குடலை இழுத்துப் பனியில் தள்ளி, கால்களைத் தனித்தனியாக அறுத்துத் துணிப்பைகளில் கட்டியும் முடித்துவிட்டான். ஒரு காகம்கூட எட்டிப் பார்க்கவில்லை. குடலிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ரத்த வாடையும் நசுங்கிய புதர்ச்செடியின் கசப்பு நெடியும் கலந்து மூக்கில் ஏற, அவற்றுக்கு அடியில் லேசாக, அங்கே இருக்க நியாயமே இல்லாத ஒரு வாசனை வந்தது. புதினா போட்ட மெல்லும் புகையிலை.

அது அப்பா மென்ற புகையிலை. அப்பா செத்துப்போனது ஏப்ரலில்.

“பசி மயக்கம்,” என்று வெண்டல் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். மத்தியானம் தின்ற ரொட்டி இன்னும் வயிற்றில் கல்லாகத்தான் கிடந்தது. இருந்தாலும் சொல்லி வைத்தான்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். வேட்டைச் சீட்டு இருந்தது. அதன் மேல் அவன் பெயர் இல்லை, அப்பாவின் பெயர், எமில் ஹாகன் என்று இருந்தது. இந்தப் பகுதியில் ஆண் எல்க் சுட ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பம் போடுவார்கள், குலுக்கலில் நாலைந்து பேருக்குத்தான் விழும். எமில் வாழ்நாள் முழுக்கப் போட்டார், ஒருதரமும் விழவில்லை. கடைசி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஜூனில் அவர் பெயருக்குச் சீட்டோடு உறை வந்தது.

“திருப்பி அனுப்பிடு வெண்டல்,” என்றாள் அவன் மனைவி நோரீன். “செத்தவங்க சீட்டு செல்லாது.”

“அந்த மனுஷன் ஆயுசு பூரா காத்திருந்தது குப்பைக்குப் போகணுமா?”

“அப்பா மேல பாசமாக்கும்! உனக்குக் கறி வேணும், அதைச் சொல்லு.”

அதுவும் உண்மைதான். சுரங்கத்தில் வேலை போன வருஷம் அது. குளிர்பதனப் பெட்டியில் பட்டாணிப் பொட்டலம் தவிர ஒன்றுமில்லை. பிடிபட்டால் துப்பாக்கி போகும், வண்டி போகும், ஆயுளுக்கும் வேட்டையாடத் தடை விழும். பிடிபடாவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கறி. கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்தான் மடையன்.

சீட்டின் ஓரத்தில் மாதத்துக்கும் தேதிக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் சின்னச் சின்ன முக்கோணங்கள் அச்சடித்திருக்கும். மிருகம் விழுந்ததும் உரியதை வெட்டியெடுத்து உடலோடு கட்டிவிட வேண்டும். சாதாரண மான் சீட்டானாலும் எமில் இந்த விஷயத்தில் பயங்கரக் கறார். விழுந்ததைத் தொடுவதற்கு முன்பே சீட்டை வெட்டிவிடுவார். சணல் கயிறு இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, கடைசியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. “கட்டியாச்சு. இனிமே இது என்னோடது,” என்பார், ஒவ்வொரு தடவையும்.

வெண்டல் வெட்டவில்லை. அந்த ஊரில் பாதிப்பேர் செய்கிற திருட்டுத்தனம்தான். யார் கண்ணிலும் படாமல் கறியை வீடு சேர்த்துவிட்டால் அதே சீட்டில் இன்னொன்று சுடலாம்.

ஒரு தொடையைச் சுமைப்பலகையில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். அங்கே நிலம் சதுரங்கப் பலகை மாதிரி, ஒரு கட்டம் அரசுடையது, அடுத்தது டன்லெவி பண்ணைக்காரனுடையது. பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்குப் போக மூலை ஒன்றுதான் வழி. அந்த மூலையில் பித்தளைத் தலை வைத்த எல்லை முளை இருக்கும். பண்ணை மண்ணில் கால் பட்டால் வழக்கு. அதற்காகவே எமில் ஒரு மர ஏணி செய்து வைத்திருந்தார், கவிழ்த்த ‘வி’ போல. இந்தக் கட்டத்தில் ஏறி, முளைக்கு மேலாக, எதிர்க்கட்டத்தில் இறங்கலாம். வெண்டல் ஏறி இறங்கினான். ஏணி வழக்கம்போலக் கிரீச்சிட்டது.

பத்தடி போயிருப்பான். ஏணி மறுபடி கிரீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தான். வெறும் ஏணி. குளிரில் மரம் முனகும், அதில் என்ன இருக்கிறது என்று நடையை எட்டிப் போட்டான்.

வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. வேட்டைச் சீட்டுகளைச் சோதிக்கிற வார்டனுடையது. இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்த பெண், பெயர் ஷெல்பி என்று கேள்விப்பட்டிருந்தான். வண்டிக் கூரைமேல் முக்காலி தொலைநோக்கி வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதுகு ஒடியப்போவுது சார். நல்ல வேட்டையா?”

“ஆமாங்க மேடம்.”

“சீட்டு யாரோடது?”

மூளையை முந்திக்கொண்டு வாய் பேசிவிட்டது. “எங்க அப்பாவோடது. மேல கறிக்குக் காவலா உக்காந்திருக்கார். நான் சுமக்கிற கழுதை, அவ்வளவுதான்.”

“வெட்டிக் கட்டியாச்சா?”

“கட்டாம விடுவாரா? அந்த விஷயத்துல பேயா நிப்பார்.”

சொல்லிக்கொண்டே வெண்டல் சுமையைத் தன் வண்டியில் இறக்கினான். ஷெல்பி சிரித்தாள்.

“தெரியுது, தெரியுது. இப்பத்தான் பார்த்தேன் அவரை.”

“யாரை?”

“உங்க அப்பாவைத்தான். மூட்டைங்க பக்கத்துல ஆடாம அசையாம உக்காந்திருக்கார். ஆரஞ்சுத் தொப்பி, அதுல ஒரு பக்கக் காதுமூடி மட்டும் தொங்குது. கையாட்டினேன், அவரும் ஆட்டினார். இந்தக் குளிர்ல கையுறைகூட இல்லாம! வயசானவரை இப்படியா விட்டுட்டு வருவீங்க?”

அப்பாவின் தொப்பியில் காதுமூடியைத் தூக்கிக் கட்டுகிற கயிறு ஒரு பக்கம் அறுந்துபோயிருந்தது. அதை வெண்டல்தான் தன் கையால் சவப்பெட்டிக்குள் வைத்தான்.

“அவரைக் கூட்டிட்டு வாங்க சார். சீட்டுக்காரரை நேர்ல பார்க்கணும், அதான் முறை. நான் இங்கதான் இருப்பேன்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. துப்பாக்கி, வண்டி, வெறும் பட்டாணிப் பொட்டலம், நோரீனின் முகம் எல்லாம் வரிசையாக வந்து வாயை அடைத்தன. யாரோ வேறு வேட்டைக்காரன், வழி தப்பி வந்து கறியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பழைய தொப்பி எவனிடம்தான் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். காலில் விழுந்தாவது அவனை ஒரு பத்து நிமிஷம் எமில் ஹாகனாக நடிக்க வைத்துவிடலாம்.

சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பனி நீலம் பாய்ந்து கிடந்தது. வெண்டல் ஏறினான். மூச்சு வாங்கியது, நிற்கப் பயமாக இருந்தது, நடக்கவும் பயமாக இருந்தது. ஏணியைத் தாண்டினான். பனியில் அவன் தடம் மட்டும்தான், போனதும் வந்ததும். வேறு எவன் காலடியும் இல்லை.

மேலே ஆள் இல்லை.

மூட்டைகள் இருந்தன. அவன் பனியில் போட்டுவிட்டுப் போனவை இப்போது வெட்டிய கிளைகள்மேல், காற்றுப் படும்படி, வரிசையாக. அப்பா அடுக்குகிற மாதிரி. பக்கத்தில் பனியில் ஓர் உட்கார்ந்த பள்ளம். உட்கார்ந்தவர் உடம்பில் சூடு இருந்திருந்தால் பனி இளகியிருக்கும். பள்ளம் இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் பழுப்பு எச்சில். புதினா வாசனை.

“யாருங்க?” என்றான்.

சீட்டு. முதலில் சீட்டை வெட்டிக் கட்ட வேண்டும். சட்டைப் பையில் கை விட்டான்.

இல்லை.

மற்றப் பை. இல்லை. கால்சட்டைப் பை, தோள்பை, கையுறைக்குள். இல்லை. மூட்டை ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தான். எதிலும் கட்டியிருக்கவில்லை. கத்தியும் இல்லை. பையிலிருந்த சணல் கயிறும் இல்லை.

கறியாவது, மண்ணாங்கட்டியாவது! அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். ஓட்டமும் நடையுமாக. அவன் கால் பனியில் நொறுங்கும்போது பின்னால் இன்னொன்று நொறுங்கியது. அவன் நின்றால் அதுவும் நின்றது. முழங்கால் வலிக்கிற கிழவனின் நடை. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. பன்னிரண்டு வயதிலிருந்து அவனுக்கு முன்னால் நடந்த நடை. இன்றைக்குப் பின்னால்.

“அப்பா, தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா. வீட்டுல ஒண்ணும் இல்லப்பா.”

ஓட்டத்தைக் கூட்டினான்.

ஏணி. ஏறினான். இறங்கினான். ஓடு. கால் நகரவில்லை. பின்னால் கிரீச். ஒரு படி. இன்னொரு படி. இறங்கும் சத்தம். புதினா வாசனை காதோரம், குளிர்ந்து.

இடது மணிக்கட்டில் ஏதோ பட்டது. கயிறு. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. முடிச்சு. அப்புறம் வெடுக்கென்று ஓர் இழுப்பு.

கீழே டார்ச் வெளிச்சம் எரிந்தது. அவன் மேல் பட்டது.

“சார்! அப்பா வந்துட்டாரா?” ஷெல்பியின் குரல்.

வெண்டல் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காதுக்குப் பின்னால் சளி கட்டிய ஒரு குரல் பதில் சொன்னது.

“வந்தாச்சும்மா.”

“சீட்டு கட்டியிருக்கா பெரியவரே?”

“கட்டியாச்சு. இனிமே இது என்னோடது.”

“சரி சரி, ரெண்டு பேரும் பார்த்து இறங்குங்க. வண்டியில காபி இருக்கு.”

டார்ச் வண்டிப் பக்கம் திரும்புமுன் அந்த வெளிச்சத்தில் வெண்டல் தன் கையைப் பார்த்தான். மணிக்கட்டில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. நவம்பர் வெட்டியிருந்தது. இன்றைய தேதி வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ‘ஆண்’ என்ற முக்கோணமும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

கயிற்றின் மறுமுனை விறைத்தது. ஏணியின் முதல் படி, திரும்பி ஏறுகிறவரின் பாரத்தில், கிரீச்சிட்டது.