புட்டுவின் கனவை வாங்கியவள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிராணிகள் காப்பகத்தில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே தூங்குவதுதான் வேலை. நீளமான கூடத்தில் வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாயிலும் ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு நாயோ பூனையோ. மூலையில் வைக்கோல் பரப்பி ஒரு கழுதைக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். குறட்டையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஜோடியின் இரண்டு நெற்றிகளிலும் ஒரே மாதிரித் துணிப்பட்டை கட்டியிருக்கும். மதுக்கரை மலைப்பக்கமிருந்து காற்று வந்து ஜன்னல் திரைகளை உப்பவைக்கும். சற்று நேரத்தில் எந்த மூச்சு யாருடையது என்று தெரியாமல் போய்விடும்.

அந்தப் பட்டைக்குக் கனாவாங்கி என்று பெயர். அடிபட்ட, பட்டினி கிடந்த பிராணிகள் தூக்கத்தில் அதே கொடுமையைத் திரும்பத் திரும்பக் காண்கின்றன. கனவு ஓடும்போது மட்டும் அந்த நினைவு ஈர சிமெண்டைப் போல இளகியிருக்கும். அப்போது வழித்தால் வந்துவிடும். ஆனால் வழித்ததைக் காற்றில் விட முடியாது, தூங்கும் இன்னொரு மூளையில்தான் இறக்கிவைக்க வேண்டும். மனிதர்களுக்கு என்ன, எழுந்ததும் 'கனவுதானே' என்று சொல்லித் தேற்றிக்கொள்ள வழியிருக்கிறது, நாய்க்கு அது கிடையாது. கண்டுபிடித்தவர்கள் சொன்ன நியாயம் இதுதான்.

சிவரஞ்சனி டயர் கடை ஒன்றில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சேவைக்கு வருவாள். கழுத்துச் சதைக்குள் சங்கிலி புதைந்துபோன ஒரு நாயை முதல் நாளே பார்த்துவிட்டு, அவள் வெகுநாள் சரியாகச் சாப்பிடவில்லை. புண்ணைக் கழுவலாம், மருந்து போடலாம், சோறு வைக்கலாம். அதன் கண்ணில் இருப்பதை என்ன செய்வது? கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். "பாக்கத் தாங்கலீன்னா எதுக்குடி அங்க போறே?" என்று அவள் அக்கா திட்டினாள். கனாவாங்கி இல்லாத அந்தக் காலத்தில் இரக்கம் அதிகமுள்ளவர்கள்தான் சேவைக்கு வராமல் முதலில் காணாமல் போனார்கள். அது வந்த பிறகு ஒருவரும் நின்றுபோகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான் மனிதர்களை உலுக்கிவிடுகிறது. கொஞ்சம் இங்கே கொடு என்று வாங்கிக்கொள்ள முடிந்தால் எதையும் தாங்கிவிடுகிறார்கள்.

அவளுக்கு வாய்த்தது புட்டு என்கிற நாய். வெள்ளையும் பழுப்பும் மாறி மாறி இருந்ததால் காப்பகத்தில் அப்படிப் பெயர் வைத்தார்கள். பூட்டிய வீட்டின் மொட்டைமாடியிலிருந்து மீட்டு வந்தபோது அது வெறும் எலும்பும் தோலும். தூக்கத்தில் நான்கு கால்களும் உதறிக்கொண்டே இருக்கும்.

பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் கனவில் அந்த மாடிக்குப் போனாள். தரை கொதித்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் அங்குலம் அங்குலமாக நகர, கயிறு விட்ட மட்டும் அவளும் நகர்ந்தாள். வானம் வெள்ளையாக, விளிம்பே இல்லாமல் இருந்தது. கீழே தெருவில் எப்போதாவது ஒரு வண்டிச் சத்தம் வரும். உடனே எழுந்து நிற்பாள். சத்தம் கடந்து போகும். படுப்பாள். தாகத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, மார்பைப் பிசைகிற ஏதோ ஒன்று. அதற்கு என்ன பெயரென்று தெரியாததால் அதையும் தாகத்தோடு சேர்த்துவிட்டாள்.

எழுந்ததும் கனவை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சுக்குக் காப்பியோடு எதிரே உட்கார்ந்த காப்பகத்து டாக்டர் ஷகிலா பானுவிடம், "வெயிலுங்க்கா, தண்ணியே இல்ல" என்று மட்டும் சொல்லி அழுதாள். புட்டு அன்று மாலையே ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மல்லாந்து படுத்துத் தூங்கப் பழகியது. அதைப் பார்க்கப் பார்க்க சிவரஞ்சனிக்கு நிறைவாக இருந்தது. அந்த வீட்டுக்காரன் என்றைக்காவது வந்தால் கேட்பதற்கென்று நறுக்கென்ற வார்த்தைகளாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

அவன் ஒரு மதியத்தில் வந்தான். பெட்ரோல் வண்டிகள் அருகிப்போன காலம், அவனுடையது மட்டும் படபடவென்று சாலைத் திருப்பத்திலேயே கேட்டது. கூடத்தில் புட்டுவின் பக்கத்தில் பட்டையில்லாமல் சும்மா படுத்திருந்த சிவரஞ்சனி, யாரென்று யோசிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தாள். இத்தனை சந்தோஷம் தனக்கு எதற்கு வருகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

ஷகிலா அவனை முற்றத்துக்கு அழைத்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்லசிவம் என்று பெயர் சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போக வேண்டியதாயிருச்சுங்க. பக்கத்து வீட்டுல சொல்லீட்டுத்தான் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள இப்படி ஆயிருச்சுங்க."

அது உண்மையா, வழியில் ஜோடித்ததா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. காப்பகத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பிராணியை அவிழ்த்துவிடுவார்கள். அது தானாக உரியவரிடம் போனால் கூட்டிப்போகலாம். போகாவிட்டால், அதன் கனவை வாங்கியவர் சொல்வதே முடிவு. நடந்ததை அறிந்தவர் அவர் ஒருவர்தானே.

புட்டுவை அவிழ்த்துவிட்டார்கள்.

"மேஜரு," என்று கூப்பிட்டான் நல்லசிவம்.

புட்டு காதைச் சொறிந்தது. சிவரஞ்சனி திரும்பிப் பார்த்தாள்.

"டேய் மேஜரு, நாந்தான்டா."

அந்தக் குரலுக்கு அவள் தன்னையறியாமல் அவன் அருகே போயிருந்தாள். அவன் சட்டையில் வேர்வையும் பீடியும் கலந்த வாசனை. கயிற்றைக் கட்டியது இந்தக் கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. மாடியில் மார்பைப் பிசைந்தது தாகம் இல்லை என்று இப்போது தெரிந்தது. கொடுமையை மட்டும் பிரித்து வாங்குவதாக இவர்கள் நினைத்திருக்க, அன்பும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

புட்டு அவனை ஒருமுறை முகர்ந்துவிட்டு, எறும்புப் புற்றை ஆராயப் போய்விட்டது.

"என்னைய மறந்துட்டானுங்க," என்று நல்லசிவம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீ சொல்லு ரஞ்சனி," என்றாள் ஷகிலா. "குடுக்கலாமா?"

சரி என்றால் போதும். அவன் வீடு, இந்தக் குரல், இந்தக் கை எல்லாம் எட்டுகிற தூரத்திலேயே இருக்கும், ஞாயிறுதோறும் நலம் விசாரிக்கும் சாக்கில் போய்ப் பார்க்கலாம். தன் மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாய்களும் பூனைகளும் கால்களைப் பரப்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பாய்களில் மனிதர்கள் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து ஜன்னலோரம் வந்து நின்றிருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரிப் பெண், பேக்கரிக்காரர் என்று ஒவ்வொருவர் முகத்திலும் ஒரே ஏக்கம். வந்தவன் தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகப் போய்ப் படுத்தார்கள்.

"குடுக்க வேண்டாங்க்கா," என்றாள் சிவரஞ்சனி. அதைச் சொல்ல அவளுக்கு இருந்த தெம்பெல்லாம் தேவைப்பட்டது. "மறுபடியும் இவங்க வீட்டப் பூட்டீட்டுப் போனா, புட்டுக்கு அதே மாடிதான்."

நல்லசிவம் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, புட்டு இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? அவள் கேட் வரை பின்னாலேயே போனாள். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

ஷகிலா வந்து தோளைத் தொட்டாள். "உள்ள வா. வாங்கின கனவ மனுஷங்களுக்குள்ளயும் மாத்திக்கலாம்மா. நாளைக்கே வேற யாராச்சும் வாங்கிக்குவாங்க. பாரம் எறங்கிரும்."

சிவரஞ்சனி கேட் கம்பியை விடவில்லை.

"யாருக்கும் குடுக்க வேண்டாங்க்கா. என்னையவே ஏறெடுத்துப் பாக்காத மனுஷந்தான், தெரியும். ஆனா நானும் விட்டுட்டா, அவருக்கோசரம் காத்துக் கெடக்க ஒரு உசுரு இருக்காதுங்க."